பதினான்காம் கல்

யுன்பிங்,
ஏழாம் மாதம் 19

அன்புத் தம்பி தேஷுனுக்கு,

அக்கா யின்ஹுவா எழுதுவது. போனை எடுக்கமாட்டாய், கடிதத்தைப் பிரிக்காமல் இருக்கவும் உனக்கு மனசு வராது. இது அப்பாவைப் பற்றிய கடிதம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு.

அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். வாய் மட்டும் குறையவில்லை. நேற்று நான் வைத்த மீன் சாற்றைப் பார்த்து, மீன் குளிக்க வந்ததா, வேக வந்ததா என்று கேட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வட்டத்தாரும் ஷிதாங் வட்டத்தாரும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எல்லையைச் சேர்ந்து நடந்து, எல்லைக் கல் ஒவ்வொன்றிலும் அவரவர் பக்கத்தில் செதுக்கிய பெயருக்குச் சிவப்புப் பூசுவார்கள் அல்லவா, இந்த முறை வட்ட அலுவலகத்தில் என்னையும் அனுப்பினார்கள். ஒன்பது ஒன்றியங்களையும் நூற்றுப் பதிமூன்று ஊர்களையும் பதிவேட்டில் எழுதி எழுதியே பத்தொன்பது வருடம் ஓட்டியவள் நான். அதில் பாதியைக் கண்ணால் பார்த்ததில்லை.

நம் வட்டத்தின் சார்பில் அப்பா நட்ட பதினான்காம் கல்லைப் பிடுங்கி மலை உச்சியில் நட வேண்டும், "நட்டவர் பிழை" என்று அப்பா பெயரோடு கோப்பில் எழுத வேண்டும் என்று நம் அலுவலகத்தில் பேச்சு. அதை எழுதப் போகிற கை என்னுடையது.

மழைத் தண்ணீர் இரண்டு பக்கமாகப் பிரியும் இடமே எல்லை என்பதுதான் ஒப்பந்தம். அப்பாவோ கல்லை உச்சியில் நடாமல் முந்நூறு அடி நம் பக்கம் கீழே நட்டார். எண்ணெய்க்காய் மரச் சரிவு முழுக்க ஷிதாங்குக்குப் போயிற்று. சந்தையில் உன்னை மலையை விற்றவன் மகன் என்றார்கள். நீ வந்து அவரிடம் கத்தினாய். "தண்ணி சொன்ன எடத்துல வெச்சேன்" என்றார், அவ்வளவுதான். சாக்குச் சொல்கிறார் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். நீ போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.

எப்போதும் பனிக்காலத்தில், பாதை காய்ந்திருக்கும்போதுதான் போவார்கள். இந்த வருடம் மண் சரிந்து பயணம் தள்ளிப்போய், மழைக்காலத்தில் ஏறினோம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பிடித்துக்கொண்டது பார், மழை! நம் குழுத் தலைவர் திரும்பிவிடலாம் என்றார். ஷிதாங்கிலிருந்து வந்திருந்த வெய் காங் கேட்கவில்லை. கல் நட்ட அன்றும் அவர் அந்தப் பக்கத்து ஆளாக இருந்தவர். என்னைப் பார்த்து, "ஒங்கப்பாவ எல்லாரும் வைறாங்களே, மழையில ஒருத்தனாவது இங்க வந்து பாத்தீங்களா?" என்றார்.

உச்சியிலிருந்து நம் பக்கம் ஓடிவந்த தண்ணீரை ஒட்டியே இறங்கினோம். நம் தண்ணீர்தான் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஒரு பாறையைச் சுற்றியதும், தம்பி, அத்தனை தண்ணீரும் அப்படியே வளைந்து ஷிதாங் பக்கம் போய்விட்டது. உச்சி தண்ணீரைப் பிரிக்கவே இல்லை. அப்பாவின் கல்லுக்கு வந்தோம். பக்கத்து மேட்டிலிருந்து வந்த இன்னொரு ஓடை கல்லில் முட்டி இரண்டாகிறது. வடக்கே போவது நம் ஒன்பது ஒன்றியங்களையும் நனைத்து யாங்சி ஆற்றில் சேர்கிறது. தெற்கே போவது முத்து ஆற்றில் விழுந்து, நீ வேலை செய்கிற துறைமுகத்துக்கே வருகிறது. என் செருப்பு அகலம்கூட இல்லை அந்த இடம். கல்லைக் கட்டிக்கொண்டு அழுதேன்; மழையில் யாருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் மேகம் விலகியது. நம் வட்டம் முழுக்கக் கீழே கிடந்தது. நான் வரிவரியாக எழுதிய பெயர்களெல்லாம் புகையும் வயலும் கூரையுமாக! இத்தனை பெரியதா, இத்தனை அழகா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எந்தக் கோடும் தெரியவில்லை. தண்ணீர் மட்டும் தன் வழி தெரிந்து போய்க்கொண்டிருந்தது.

கல் சரியான இடத்தில் இருக்கிறது என்று கோப்பில் எழுதிவிட்டேன். இரண்டு தலைவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். நல்லது என்றார். இரவு படுக்கப் போகும்போது, "தேஷுனுக்குச் சொன்னியா?" என்றார்.

மழையில் சிவப்பு மை கல்லில் ஒட்டவில்லை. நம் பக்கத்துப் பெயர் வெளுத்தபடியே இருக்கிறது. ஒன்பதாம் மாதத்துக்குள் பூசியாக வேண்டும். அந்தக் கல்லைப் பார்த்துக்கொள்ளும் காவலர் இன்றும் அப்பாதான், ஆனால் அவரால் இனி ஏற முடியாது. வேறு ஆளைப் போடட்டுமா என்று கேட்டார்கள். உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். கேட்காமல் கொடுத்தது தப்புதான். வந்து என்னைத் திட்டு.

கடல் காற்றில் உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும். நான் வீட்டுக்குக் கொண்டுவந்த மை உறைந்துவிடக் கூடாது என்று அப்பா தினமும் காலையில் டப்பாவைத் திறந்து கலக்கி வைக்கிறார். இங்கே மழை விட்டுவிட்டது.

உன் அக்கா,
லுவோ யின்ஹுவா