உன் அம்மா படுத்திருக்கும் மேடு

அன்புள்ள மகன் அக்கியூனுக்கு அப்பா சொல்லி எழுதுவது. சுரபாயாவில் நீயும் மெலானியும் பிள்ளைகள் இரண்டும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, பல்தான் இல்லை. சுகமில்லாதது உன் அம்மாவுக்கு. செத்துப்போய் இத்தனை வருஷமானவளுக்கு என்ன சுகக்கேடு என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் பக்கத்து வீட்டு மைமுனாவை, மீன் அப்பளம் சுட்டுக்கொண்டிருந்தவளை, இழுத்து வந்து எழுத உட்கார வைத்திருக்கிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. மெலானி எடுத்தாலும், அவர் வேலையில் இருக்கிறார் மாமா என்று வைத்துவிடுகிறாள்.

நம் கல்லறை மேட்டுக்குக் கீழே, கடல் பக்கம், பம்பு வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை அறுத்து வெள்ளீயம் எடுக்கிறார்கள். வேறு யாராவது என்றால் கத்தியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். எடுப்பது உன் தம்பி ஆபுன். கடலில் மீனில்லை, மிளகுக் கொடியெல்லாம் கருகிவிட்டது, அவனுக்கும் மூன்று வாய். கேட்டால் சிரிக்கிறான். ஈயக் கம்பெனி தோண்டாம விட்டதெல்லாம் இங்கதான்ப்பா கெடக்கு, அம்மா உசுரோட இருந்தா டேய் நானே நகந்து படுத்துக்கிறேன் நீ பம்பைப் போடுன்னு சொல்லியிருப்பாங்க என்கிறான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். உன்னை முதுகில் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று ஈய மண் அலசியவள் அல்லவா. ஆனால் போன மழையில் தச்சர் லிம்மின் கல்லறை பாதி சரிந்து குழிக்குள் போனது. அவர் பிள்ளைகள் சேற்றைத் துழாவியதில் ஒரு தாடை எலும்பு கிடைத்தது. அப்பாவுக்குத் தங்கப் பல் இருந்ததே, இதில் காணோமே என்று அவர்களுக்குள் இன்னும் சண்டை. அதன் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அம்மாவின் தலைமாட்டில் இப்போது ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது. கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போகிறது.

எலும்பை எடுத்து ஜாடியில் வைத்து மேலே கோயில் பக்கம் மாற்றிவிடலாம். கல்லறைகளைக் கூட்டிப் படைக்கும் செங்பெங் திருநாளையே அதற்குக் கோயில் பெரியவர் குறித்தும் கொடுத்துவிட்டார். எலும்பில் வெளிச்சம் படாமல் கறுப்புக் குடை பிடிக்க வேண்டியவன் மூத்த மகன், அது உனக்கும் தெரியும். புருஷன் நான் பிடிக்கக் கூடாது. மூத்தவன் இருக்க இளையவன் பிடித்தால், மூத்தவன் செத்துவிட்டான் என்று ஊரறியச் சொன்ன மாதிரி. ஆபுனைக் கெஞ்சிப் பார்த்தேன். அண்ணனை என் கையாலயே சாகடிக்கச் சொல்றியாப்பா, செங்பெங் வரைக்கும் பம்பை நிறுத்துறேன், அதுக்கப்புறம் கூட்டாளிங்க கேக்க மாட்டானுங்க, எப்படியாவது அவனை வரச் சொல்லு என்று அழுதுவிட்டான். மேட்டை அறுப்பவனும் அவன்தான், அழுபவனும் அவன்தான். நான் யாரிடம் போய் முறையிடுவது.

நீ போகும் சர்ச்சில் இதெல்லாம் ஆகாது என்று எனக்குத் தெரியாமலில்லை. ஊதுபத்தியைத் தொடாதே, மண்டியிடாதே, செத்தவர்களுக்கென்று காகிதப் பணம் எரிக்காதே, படையல் சோற்றில் கை வைக்காதே. குடையை மட்டும் பிடி. பெற்றவளுக்குக் குடை பிடிக்க எந்தச் சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும்? போன வருஷம் ஆபீஸ்காரர்களோடு இங்கே கடற்கரை ஓட்டலுக்கு வந்திருந்தாயாமே. இளநீர் விற்கும் ஹசன்தான் வந்து சொன்னான், உங்க பெரியவன் நீலக் குளத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிறான் அப்பெக், நல்லா தொப்பை போட்டுட்டான் என்று. அன்னாசி போட்டு மீன் குழம்பு வைத்துவிட்டு இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமில்லையப்பா. அந்தக் குளம் உன் தாத்தாவும் நானும் ஈயத்துக்கு வெட்டிய குழிதான் என்று அவர்களிடம் சொன்னாயோ என்னவோ. இந்த முறையும் கடல் பார்க்க வருவதாகவே மெலானியிடம் சொல்லிக்கொள். பிள்ளைகள் மணலில் ஆடட்டும். எனக்கு ஒரு காலைப் பொழுது கொடு, போதும்.

கெஞ்சினது போதும் அப்பெக், நாலு திட்டு சொல்லுங்க, எம் மவனா இருந்தா காதைத் திருகி இழுத்துட்டு வந்திருப்பேன் என்கிறாள் மைமுனா. திட்டு எழுதாதே என்று சொல்லியிருக்கிறேன். எழுதிவிட்டாளா என்று பார்க்க எனக்குப் படிக்கத் தெரியாது. எழுதியிருந்தால் அது என் வார்த்தை இல்லை.

கட்டாயம் வரவே முடியாதென்றால், நீ போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றை அனுப்பு. ஆள் வராத இடத்தில் அவன் சட்டை நிற்கலாம் என்று பெரியவர் ஒரு வழியாக ஒப்புக்கொண்டார். குடைக் காம்பில் அதைக் கட்டி மைமுனாவின் வீட்டுக்காரரைப் பிடிக்கச் சொல்கிறேன். அவர் நம் குடும்பமில்லை, அதனால் அவர் பிடித்தால் உனக்கு ஒன்றும் ஆகாது. உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும், உன் கைக்கு வேலை குறையாமல் இருக்கட்டும். மழையில் மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்டாதே. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. மெலானி சுத்தக்காரி, சட்டையை ஊறப் போட்டுவிடுவாள். துவைக்காமல் அனுப்பு. சோப்பு மணத்தை முகர்ந்தால் உன் அம்மாவுக்கு அது நீ என்று எப்படித் தெரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா போங் நியுக் சென்
(இடது கட்டைவிரல் ரேகை)