கடைசி இன்னிங்ஸுக்கு ஓர் ஆள்

மனுரேவா, ஆக்லாந்து
11.3.1988

அன்புள்ள கிளாராவுக்கு,

சனிக்கிழமை நாங்கள் ஜெயித்துவிட்டோம். எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் சாஃப்ட்பால் டீமுக்குக் கோப்பை கிடைத்தது.

நாற்பத்திரண்டு வயதில் விளையாட்டு எதற்கு என்று கேட்டிருந்தாய். ஆட்குறைப்பு வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டபோது ஃபோர்மன் லெட்சுமணன்தான் என்னைக் கூப்பிட்டார்.

"கடைசி இன்னிங்ஸ்ல பதறாம பந்து போட அனுபவமுள்ள ஆள் ஒருத்தர் வேணும் அண்ணே. டீம் ஆளுங்கள மேனேஜர் வேலையிலருந்து அனுப்ப மாட்டாரு" என்றார்.

நம் ஊர் ஈப்போவில் பதினைந்து வருஷம் பந்து வீசிய கையை நம்பிச் சேர்ந்தேன். தோள்வலியை யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை எங்களுக்கு ஒரே ஒரு ரன்தான் கூடுதல். மூன்று பேஸிலும் எதிரணி ஆட்கள் ஓடத் தயாராக நிற்க, ஒரு நல்ல அடி விழுந்தால் தோல்வி என்றபோது என்னை இறக்கினார்கள். வலியோடு வீசிக் கடைசி ஆளை அவுட்டாக்கினேன். மேனேஜர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்.

செவ்வாய்க்கிழமை ஆட்குறைப்புப் பட்டியலை ஒட்டினார்கள். என் பெயரும் இருந்தது. லெட்சுமணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேலை போனாலும் டீமுக்கு நீங்க வேணும் அண்ணே. அடுத்த சீசனுக்கும் வந்துடுங்க" என்றார்.

சரியென்று தலையாட்டினேன். இன்று சட்டை போடக்கூட வலது கையைத் தூக்க முடியவில்லை.

ஏப்ரலில் இங்கே குளிர் தொடங்கிவிடும், பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது. நீங்கள் இருவரும் வருவதற்கு டிக்கெட் எடுக்காதே. எடுத்துவிட்டாய் என்றால் உடனே எழுது. இந்த வேலையை வைத்துக் கிடைத்த என் விசாவைப் பற்றி மட்டும் இப்போது எதுவும் கேட்காதே, கிளாரா.

உன் வீட்டுக்காரன்