என் அக்கா வயலுக்கு முதல் தண்ணீர்

அன்புள்ள மருமகளே,

யாரும் நம்பப்போகாத ஒரு கதையை எழுதுகிறேன் என்று நம் ஊர் மடத்தின்மேல் சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

லடாக்கின் மாபெரும் பதவி இந்த வருஷம் எனக்கு வந்திருக்கிறது. ஊர்கூடி என்னை நீர்த்தலைவனாக்கிவிட்டார்கள். எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பது இனி என் இஷ்டம். பனிமலையே எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொன்னது.

முதல் தண்ணீர் முறையை உன் அம்மாவின் வயலுக்குக் கொடுத்தேன். லே நகரிலிருந்து வந்து அதில் விதைக்கப்போவதாக எழுதியிருந்தாயே. வந்த வெள்ளத்தில் இரண்டு யாக் மாடுகள் சிந்து நதிவரை மிதந்து போய்விட்டன.

முறைக்காக வருஷாவருஷம் மண்வெட்டியோடு சண்டைக்கு வரும் பக்கத்து வயல் யாங்சோம், வரப்பில் உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த முறை உனக்குத்தானே, கேக்க மாட்டியா?"

"நீங்களே வச்சுக்கங்க ராஜா. எங்க வீட்டுக் கதவைக்கூடக் கழட்டி லாரியில ஏத்தியாச்சு. கீழே ஆத்தோரம் போறோம்."

"அப்ப நான் யாருக்கு ராஜா?"

"உங்க கழுதைக்குத்தான்."

நீ வா, வேண்டாமென்று சொல்லவில்லை. விதை மட்டும் கொண்டுவராதே.

யாங்சோம் சொன்னதற்கு நான் பொறுப்பல்ல. நான் சொன்னதில் மலையும் மாடுகளும் பொய். உன் அம்மாவின் வயலுக்கு முதலில் மடை திறந்தது மட்டும் உண்மை. மலைப்பனி உருகி வாய்க்காலில் வந்த தண்ணீர் பாதி வயலைக்கூட நனைக்கவில்லை. அதற்குப்பின் யாருக்கும் முறை வரவில்லை.

இப்படிக்கு,
உன் மாமா