கடிக்காமல் ஒரு வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது எடுக்காதது கோபத்தால் இல்லை. முந்தின நாள் இரண்டு கடைவாய்ப் பற்களை அறுத்து எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை. பேசத்தான் முடியவில்லை.

மாத்திரை மயக்கத்தில் பகலெல்லாம் மிதக்கிறேன். பாதி முகம் யாருடையதோ போல இருக்கிறது. மெத்தென்று, சத்தாகச் சாப்பிடச் சொன்னார்கள். சோறு, முட்டை, வாழைப்பழம், தயிர் எல்லாவற்றையும் ஒன்றாக மிக்சியில் அரைத்துவிட்டேன். அறைத்தோழி எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, இது சாப்பிடவா, சுவத்துக்குப் பூசவா?"

சிரித்ததில் தையல் வலித்தது. அவளே பூசணிக்காயை வேகவைத்து, பாலில் மசித்து, ஆறவைத்துத் தந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு கிண்ணத்தை ஒரு மணி நேரம் சாப்பிட்டேன். பற்கள் இருந்த இடத்தையே நாக்கு தேடிப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள். உங்களுக்கு எல்லாப் பல்லையும் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. இளைத்துவிட்டீர்கள் என்று சித்தி சொன்னதும், "மசிச்சு முழுங்க வேண்டியதுதானே, அதுல என்ன கஷ்டம்?" என்று ஃபோனில் கத்தினேன். நீங்கள் "சரிம்மா" என்று மட்டும் சொன்னீர்கள். எனக்கு அப்போது தெரியவில்லை அப்பா.

இங்கே ராத்திரியில் குளிர்கிறது, பழைய கம்பளிப் போர்வை இருந்தால் அனுப்புங்கள். மாத்திரைக்கு நேரமாகிவிட்டது. மத்தியானம் சாப்பிட உட்காரும்போது ஒருநாள் கூப்பிடுங்கள். பேச வேண்டாம். இரண்டு பேரும் மெதுவாகச் சாப்பிடலாம்.

உங்கள் மகள்