ஒரே ஒரு ரிங்

ஆகஸ்ட் 2, சனி

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. அடுத்த வெள்ளி வரலக்ஷ்மி நோன்பு, அதற்குள் எல்லாருக்கும் ப்ளவுஸ் வேண்டுமாம். தைக்க இருப்பவை:

கிரிஜா – 2 (பச்சைக்கு லைனிங்)
டீச்சரம்மா – 1, கை நீளம் ஏற்ற வேண்டும்
எனக்கு – எப்போதும் போல கடைசியில்

மாடியில் குடியிருக்கும் மரியம் காலையிலேயே இறங்கி வந்தாள். முகம் சரியில்லை. விசா நீட்டிப்புக்குப் போட்ட விண்ணப்பம் திரும்பிவிட்டதாம். காரணம் நாங்கள். வாடகை ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் என்று இவர் பெயர். அத்தாட்சிக்கு வைத்த கரண்ட் பில்லில் மாமனார் பெயர். மாமனார் போய்ப் பதினைந்து வருஷம். பில் மட்டும் இன்னும் அவரைத் தேடி வருகிறது. "மாத்திடலாம், மாத்திடலாம்" என்று இவர் சொல்லாத வருஷம் கிடையாது. அந்தப் பெண் எதிரில் இவரைத் திட்ட வேண்டாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

மரியம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. பார்மசி படிக்கிறாள். அவள் ஊரில் இப்போது கலவரம். நெட் கிடையாது, மொபைல் கிடையாது. ஊர்ப் பெயரை எங்கேயும் எழுத வேண்டாம் என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். என் டைரியை யார் படிக்கப் போகிறார்கள்? இருந்தாலும் சொன்ன சொல் சொன்ன சொல்தான்.

செவ்வாயோடு விசா முடிகிறது. மாமனார் இறப்புச் சான்றிதழைத் தேட வேண்டும். பீரோ மேல் பெட்டி?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. சான்றிதழ் கிடைத்தது, என் பழைய பட்டுப்புடவை மடிப்பில். யார் வைத்தது என்று கேட்டால் இவர் என்னைப் பார்க்கிறார், நான் இவரைப் பார்க்கிறேன்.

மத்தியானம் மரியம் கீழே இருந்தபோது அவள் போன் அடித்தது. அம்மா. பக்கத்து வீட்டு லேண்ட்லைனிலிருந்து. அந்தத் தெருவில் வெளிநாட்டுக்குப் போகிற போன் அது ஒன்றுதானாம், அதற்கும் வரிசையாம். இங்கிருந்து கூப்பிட்டால் போவதில்லை. அவர்களாகக் கூப்பிட்டால் உண்டு. மரியம் நின்றுகொண்டே பேசினாள், பேசினாள் என்ன, கத்தினாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. கட்.

அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "அம்மா நல்லா இருக்காங்க ஆன்ட்டி. ரொட்டி கிடைக்குதாம்." எங்களுக்குள் பேச்சு பாதி இங்கிலீஷ், பாதி கை ஜாடை. இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

சாயந்திரம் ஷஃபி பாய் கடைக்கு ரீசார்ஜுக்குக் கூட வந்தாள். அங்கேதான் இடி. வெளிநாட்டுக்காரர் சிம்முக்கு விசா இருக்கிற நாள் வரைதான் உயிராம். செவ்வாய் விசா முடிந்தால் சிம்மும் முடிந்தது. விண்ணப்பம் போட்ட ரசீது இருக்கிறதே, அது இருந்தால் அவள் இங்கே இருக்கலாம் என்கிறார்களே என்று கேட்டேன்.

"ஆள் இருக்கலாம்மா. சிம் இருக்காது. சிஸ்டம்ல புது டேட் ஏறணும். நம்ம கையில ஒண்ணும் இல்ல, தானா கட் ஆயிடும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே.

என் பெயரில் ஒரு சிம் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். ஷஃபி பாய் இரண்டு கையையும் ஆட்டினார். "நக்கோமா, நக்கோ, வேணாம்! உங்க பேர்ல எடுத்து அவங்க பேசினா, நாளைக்கி போலீஸ் உங்க வாசல்ல நிக்கும். என் வாசல்லயும் நிக்கும்."

வாங்கினாலும் என்ன பிரயோஜனம்? அம்மாவுக்குத் தெரிந்தது பழைய நம்பர். நம் வீட்டு நம்பர் அவரிடம் இல்லையா என்று கேட்டேன். மொபைலில் இருந்ததாம், அந்த மொபைல் ஓட்டத்தில் கீழே விழுந்து உடைந்துவிட்டதாம். மனப்பாடமாகத் தெரிவது மகள் நம்பர் ஒன்றுதான். செவ்வாய்க்குள் அம்மா இன்னொரு தடவை கூப்பிட்டால் இவர் நம்பரைச் சொல்லிவிடலாம். கூப்பிடாவிட்டால் அந்த அம்மா எங்கே கூப்பிடுவாள்?

திரும்பும்போது மரியம் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மழை. கரண்ட் இரண்டு தடவை போனது. தையல் பாதியில்.

இவர் லீவு போட்டுவிட்டு நோட்டரியிடம் போனார். வாடகை ஒப்பந்தம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்று எல்லாம் ஸ்கேன் பண்ணி மரியம் மறுபடி ஏற்றினாள். "அண்டர் ப்ராசஸ்" என்று வந்திருக்கிறது. இவர் அதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை, போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தார்.

காலேஜ் போய்ச் சேர்ந்ததும் மரியம் மிஸ்டு கால் கொடுத்தாள். இந்த வீட்டுச் சட்டம் அது. யார் எங்கே போனாலும் போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் விட்டு கட் பண்ண வேண்டும். அடிக்கிற பக்கம் எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு போச்சு. விடாமல் அடித்தால்தான் ஏதோ விஷயம் என்று அர்த்தம். கால் எல்லாம் ஃப்ரீ ஆகி எவ்வளவோ நாளாச்சு, இவர் இன்னும் மார்க்கெட்டுக்குப் போனால்கூட ஒரு ரிங் கொடுக்கிறார். மரியம் வந்த புதிதில் என் மிஸ்டு காலை எடுத்து ஹலோ ஹலோ என்பாள். இவர் அவளுக்கு உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். அதை அவள் ஊருக்குப் போன் பண்ணிச் சொல்ல, அவள் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாராம், உன் வீட்டுக்காரர் எனக்குத் தம்பியாகப் பிறந்திருக்க வேண்டியவர் என்று.

இன்று அம்மாவிடமிருந்து போன் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மரியம் காலேஜ் போகவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள், அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன், ஆறிப் போய்த் திரும்பி வந்தது. சித்ரான்னம் கொடுத்தேன், நாலு வாய்.

அடித்தது மூன்று தடவை. ஒரு பேங்க் லோன். ஒரு ராங் நம்பர். மூன்றாவது நான்தான், கீழேயிருந்து, போன் வேலை செய்கிறதா என்று பார்க்க. அவள் ஓடி எடுத்ததும் என் குரலைக் கேட்டதும்... இதைப் போல ஒரு முட்டாள்தனம் யாராவது செய்வார்களா? செய்தேன்.

அம்மா கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் மரியம் போனைக் காட்டினாள். சிக்னல் கோடு இருந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. வீட்டு வைஃபையில் மற்றதெல்லாம் ஓடுகிறது, அவளுக்கு வேண்டியது மட்டும் இல்லை. அம்மாவுக்கு அனுப்பிய மெசேஜெல்லாம் ஒற்றை டிக்கில் வரிசையாக நிற்கிறது.

"அம்மா கூப்பிட்டா, இந்த நம்பர் உபயோகத்துல இல்லன்னு சொல்லும், இல்லையா ஆன்ட்டி? அம்மா என்ன நினைப்பாங்க?"

அந்த அம்மா மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பாள். நானாக இருந்தால் அதைத்தான் நினைப்பேன். சொல்லவில்லை. கிரிஜா ப்ளவுஸுக்கு ஹூக் தைக்க உட்கார்ந்தேன், இரண்டையும் தலைகீழாகத் தைத்துப் பிரித்தேன்.

காலேஜ் போனாள். மிஸ்டு கால் வரவில்லை, வராது என்று தெரியும். ஆனாலும் அந்த நேரத்துக்கு போனை எடுத்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வாங்கியது: தேங்காய், வெற்றிலை, மஞ்சள், வாழைக்கன்று ஒரு ஜோடி. பூ விலை கேட்டுவிட்டு ஒரு சுற்று சுற்றிவந்து மறுபடி கேட்டேன், ஏறியிருந்தது.

டீச்சரம்மா ப்ளவுஸ் கொடுத்தாச்சு. கை இன்னும் நீளமாம்.

இவர் இன்று ஒரே பெருமை. நேற்று சாயந்திரமும் இன்று சாயந்திரமும் ஏதோ நீள நம்பர், ஒரு ரிங் விட்டு கட் பண்ணுகிறானாம். வாக்கிங் க்ரூப்பில் எச்சரிக்கை போட்டிருக்கிறார்களாம், திருப்பிக் கூப்பிட்டால் பேலன்ஸை உறிஞ்சிவிடுவான் என்று. "நான் ஏமாறுவேனா? பிளாக் பண்ணிட்டேன்." சரி, ஒரு நல்ல காரியம்.

மரியம் கலசத்துக்குக் கட்டப் பூ தொடுத்துக் கொடுத்தாள். நம் முடிச்சு வரவில்லை, அவள் ஊர் முடிச்சு போட்டாள். அதுவும் நிற்கிறது.

விசா: இன்னும் அண்டர் ப்ராசஸ்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பூஜை நன்றாக நடந்தது. சாயந்திரம் தாம்பூலத்துக்குப் பெண்கள். கிரிஜா பச்சை ப்ளவுஸில் வந்தாள், பொருத்தமாக இருந்தது. இவர் கூடத்தில் உட்கார்ந்து எல்லாரிடமும் தன் வீரக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், நீள நம்பர், ஒரே ரிங், கட், பிளாக். கிரிஜாவுக்கு இவரைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"அய்யோ அங்கிள், யாரோ ஊருக்குப் போய்ச் சேர்ந்துட்டேன்னு உங்களுக்கு மிஸ்டு கால் கொடுத்திருக்காங்க. உங்க வீட்டு ரூல்ஸ் தானே? நீங்க போய் பிளாக் பண்ணிட்டீங்களே பாவம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே குங்குமத் தட்டை நீட்டினேன், நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

தட்டை யாரிடம் கொடுத்தேன் என்று நினைவில்லை. இவர் போனைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு ஓடினேன். பிளாக் பண்ணின லிஸ்டைத் திறக்க எனக்குத் தெரியவில்லை, மரியம்தான் திறந்தாள். ஒரே நம்பர். புதன் சாயந்திரம். வியாழன் சாயந்திரம். இன்று சாயந்திரம், பூஜை ஆரத்தி சமயத்தில்.

மரியம் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டு லேண்ட்லைன்.

இவர் நம்பர் அம்மாவுக்கு எப்படி? அவளே யோசித்து யோசித்துச் சொன்னாள். இங்கே வந்த முதல் நாள், ஆபத்துக்கு இருக்கட்டும் என்று அங்கிள் நம்பரை அம்மாவிடம் வாசித்தாளாம். சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம், கேஸ்காரன் நம்பருக்குக் கீழே, அம்மா பென்சிலில் எழுதிக்கொண்டாராம். இவள் மறந்தே போயிருக்கிறாள்.

அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழ், இந்த ஊர்க் கன்னடம் கேட்கவே வேண்டாம். இவர் எடுத்து ஹலோ என்றால் என்ன பேசுவாள்? அதனால் இந்த வீட்டுப் பாஷையில் பேசியிருக்கிறாள். நல்லா இருக்கேன், கட். நாங்கள் கதவைச் சாத்திவிட்டோம்.

இவர் படியேறி வந்து வாசலிலேயே நின்றார். பிளாக்கை எடுத்துவிட்டோம். அங்கே கூப்பிட்டுப் பார்த்தோம், போகவில்லை. "என்னை மன்னிச்சிடும்மா" என்றார். மரியம் அங்கிள் அங்கிள் என்று தலையை ஆட்டினாள். இவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை, என்னிடம் கூட.

பிளாக் பண்ணினால் கூப்பிடுகிற பக்கம் என்ன கேட்கும்? ஷஃபி பாயிடம் கேட்டேன். பிஸி டோன் மாதிரி வரும் என்கிறார். முதலில் மகள் நம்பர் செத்துப்போனது, அப்புறம் வீட்டுக்காரர் நம்பரும் பிஸி. நாளைக்கும் அந்த வரிசையில் நின்று கூப்பிடுவாளா, விட்டுவிடுவாளா?

தாயே, நாளைக்கும் கூப்பிடட்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

கலசம் இன்னும் எடுக்கவில்லை. தூறல்.

இவர் போனைக் காலையிலிருந்து சார்ஜரிலேயே வைத்திருக்கிறோம். வாக்கிங் போகவில்லை. யாராவது கூப்பிட்டால் "லைனை ஃப்ரீயா விடுங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறார். தன் அக்காவிடமும் அப்படியே சொல்லிவிட்டார், அந்த வம்பு தனி.

மத்தியானம் விசா: அண்டர் ப்ராசஸ். மரியம் பார்த்துவிட்டு மூடிவிட்டாள்.

சாயந்திரம் மூன்று பேரும் கூடத்தில். நடுவில் ஸ்டூல், ஸ்டூலில் போன். சுண்டல் வைத்தேன், யாரும் தொடவில்லை. நேற்று வந்த நேரம் வந்தது. போனது. இவர் எழுந்து விளக்கைப் போட்டார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மரியம் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். நானும் என் பங்குக்கு.

அடித்தது.

நீள நம்பர். மரியம் போனைக் கையில் எடுத்தாள், விரல் பச்சைக்கு மேலேயே நிற்கிறது. அழுத்தவில்லை. மூன்று வருஷப் பழக்கம், எடுக்கக் கூடாது என்று. இப்போது கட் ஆகிவிடும்.

"எடும்மா!" இவர்தான், தொண்டை கிழிய. "எடு! எடு! காசு போனாப் போகுது!"

எடுத்தாள்.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், எனக்கே கேட்டது. படபடவென்று ஏதோ. மரியம் ஒரு வார்த்தை சொன்னாள், அம்மா என்றுதான் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் மறுபடி படபட, இன்னும் உரக்க. அப்புறம் கட்.

மரியம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க என்று இவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

"திட்டினாங்க அங்கிள்," என்றாள். "மிஸ்டு காலை ஏன்டி எடுத்தே, காசு போகுதே, அந்த மனுஷன் உனக்குச் சொல்லித்தரலையான்னு."