மெவிக்கிடம் கேட்காத கேள்வி

சல்லி,
திருகோணமலை.

அன்புள்ள டிலக்சன் அண்ணாவுக்கு,

தங்கச்சி தர்சிகா எழுதுகிறேன். இங்கு அப்பா, அம்மா, நான், உங்கள் கேம் கொன்ட்ரோலர் எல்லோரும் சுகம். கொன்ட்ரோலர் மட்டும் தானாக இடப்பக்கம் இழுக்கிறது. உங்கள் கூட்டாளி றுவைஸ் நானாவின் ஃபோன் திருத்தும் கடைக்கு நேற்று அதைக் கொண்டுபோனேன். அங்கேதான் எல்லாம் தெரியவந்தது.

உங்கள் கப்பலுக்குப் படமும் போகாது, குரலும் போகாது, எழுத்து மட்டும்தான் போகும் என்பது எனக்குத் தெரியும். கப்பல் ஓடவே இல்லை என்பது தெரியாது. முதலாளி கைவிட்டுவிட்டதால் கப்பல் நிற்கும் ஊர்க் கோர்ட் அதைத் துறைமுகத்துக்கு வெளியே மறித்து வைத்திருக்கிறதாம். ஒருவர் காவலுக்கு நிற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் மற்றவர்களை வீட்டுக்கு விடுவார்களாம். அந்த ஒருவர் வழக்கு முடியும்வரை இறங்க ஏலாது. வழக்கு எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கையெழுத்தைப் போட நீங்கள் யோசிப்பதாக நானா சொன்னார்.

அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதிலேயே தொடங்கினால் பாதியில் மூடிவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? போன மெயிலில் ‘லாந்தர் மூன்று எப்படி, கதை, ஆட்கள், சண்டை எல்லாவற்றையும் முதல் இரண்டோடு ஒப்பிட்டு எழுது’ என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேமின் நீளமான ஜப்பான் பெயரை விட்டு நாம் இரண்டு பேரும் வைத்த பெயரை நீங்கள் இன்னும் மறக்கவில்லை என்பதே எனக்குச் சந்தோஷம். ஆகவே முதலில் அது.

கதை. ஒன்றில் பெரிய நிலம் முழுக்க நடந்தோம். இரண்டில் தீவு தீவாகப் போனோம். மூன்றில் ஒரே ஒரு துறைமுக நகரம்தான். அதன் வாயிலுக்குக் குறுக்கே இரும்புச் சங்கிலி. உள்ளே இருக்கிறவர் வெளியே போக ஏலாது. இணையத்தில் ஆட்கள் ‘மப் எங்கே, சுற்றித் திரிய இடம் எங்கே’ என்று கத்துகிறார்கள். விசர்க் கூட்டம். ஒரே தெருவில் திரும்பத் திரும்ப நடக்கும்போதுதான் அந்தத் தெருவில் இருக்கிற ஆட்களின் முகம் தெரிகிறது. மூன்றில்தான் கதை உண்மையாக இருக்கிறது என்று நான் ஆங்கிலத்தில் இவ்வளவு நீளத்துக்கு எழுதிப் போட்டேன். ஒருவன் வந்து ‘நீ எந்தச் சிறையில் இருக்கிறாய்’ என்று பகிடி பண்ணினான். சோதனை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் கிடக்கிறேன், முன்னால் கடல், பின்னால் கருவாட்டுப் பந்தல் என்று பதில் போட்டேன்.

சண்டை. ஒன்றில் முறை வைத்து அடித்தோம். நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் பூதம் வாளை ஓங்கியபடி மரியாதையாக நிற்கும். இரண்டில் அந்த மரியாதை போய்விட்டது. விரல் வேகம் உள்ளவர்களுக்கான கேம் அது. நான் செத்துச் செத்து விழ, நீங்கள் கொன்ட்ரோலரைப் பறிப்பீர்கள். மூன்றில் முறை திரும்ப வந்திருக்கிறது, ஆனால் ஒரு புதுச் சாமானோடு. உங்கள் முறை வரும்போது அடிக்காமல் அந்த அடியைப் பிடித்து வைக்கலாம். பலம் ஏறும். அதைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்து அவரைக் காப்பாற்றலாம். நான் முதல் நாள் துள்ளிக் குதித்தேன். பிறகுதான் கண்டேன், ஒவ்வொரு முறையும் பிடித்து வைக்கிற ஆளின் உயிர் குறைகிறது. திரையில் அதைக் காட்டவே மாட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டு நிற்பான். திடீரென்று விழுவான்.

ஆட்கள். நாம் விளையாடுகிற ஆள் இல்யா அதே இல்யாதான், வாய் மட்டும் கூடியிருக்கிறது. நான் சொல்ல வந்தது மெவிக்கை. ஒன்றில் நம்மை ஆற்றைக் கடத்திவிட்ட தோணிக்காரன். இரண்டில் எந்நேரமும் பகிடி விட்டு நம்மைச் சிரிக்க வைத்தவன். உங்களுக்குப் பிடித்த ஆள். மூன்றில் சங்கிலிக்கு அடியால் நுழையக்கூடிய சின்னத் தோணி அவனிடம் மட்டும்தான் இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் நகரத்துக்குச் சாப்பாடு கொண்டுவர அவன் வெளியே போவான். அந்த நேரம் இல்யா சொல்ல இரண்டு வசனம் வரும். ஒன்று, ‘கவனமாகப் போய் வா.’ மற்றது, ‘எப்போது வருவாய்?’

நான் ஒவ்வொரு தடவையும் முதலாவதைத்தான் அழுத்தினேன். யோசிக்கவே இல்லை, கை தானாகப் போனது.

கடைசி அத்தியாயத்தில் மெவிக் வரவில்லை. அவன் இல்லாமல் சண்டை பிடித்தேன், தோற்றேன். திரும்பவும் தோற்றேன். கேம் பழுது என்றே நினைத்தேன். அதையும் சேர்த்துத்தான் நேற்று றுவைஸ் நானாவிடம் முறையிட்டேன். அவர் கேமை எப்போதோ முடித்துவிட்டார்.

“உனக்குச் சண்டை பிடிக்கத்தான் தெரியும், ஆளோட கதைக்கத் தெரியாது” என்றார். ஒவ்வொரு தடவையும் எப்போது வருவாய் என்று கேட்டால்தான் அவன் வருவானாம். கேட்காவிட்டால் தன்னை யாரும் தேடவில்லை என்று நினைத்து வெளியிலேயே நின்றுவிடுவானாம். “சின்னப் பிள்ளையும் அதைத்தானே கேட்கும், உனக்கென்ன வந்தது?” என்றார்.

கடலுக்குப் போகிறவரிடம் அதைக் கேட்கக் கூடாது, சகுனப் பிழை என்று நம் வீட்டு வழக்கத்தைச் சொன்னேன். சின்ன வயதில் அப்பா வள்ளத்தைத் தள்ளும்போது நான் அப்படிக் கேட்டு, அம்மா என் வாயில் அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று அப்பாவும் கடலுக்குப் போகாமல் திரும்பிவிட்டார்.

நானா சிரிக்கவில்லை. கொன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு, “அப்ப டிலக்சனிட்டயும் ஒருத்தரும் கேட்கேல்லையா?” என்றார். பிறகுதான் கப்பல் விசயத்தைச் சொன்னார். ‘வீட்டில் யாருக்கும் அவசரமில்லை, ஒரு தடவைகூட யாரும் எப்போது வருவாய் என்று கேட்டதில்லை, அப்படியென்றால் நான் நிற்பதுதான் சரி’ என்று நீங்கள் அவருக்கு எழுதினீர்களாமே. அண்ணா, அந்த வழக்கம் உங்களுக்கும் தெரியும். ஆனால் ஓடாத கப்பலில் மழைத் தண்ணி பிடித்துக் குடித்துக்கொண்டு இருக்கிறவருக்கு அது நினைவுக்கு வராது என்று எனக்கு இப்போது விளங்குகிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பந்தலில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தார். மெவிக்கின் கதையிலிருந்து தொடங்கி உங்கள் கதையில் முடித்தேன். அம்மா பிரட்டிய கருவாட்டையே திரும்பவும் பிரட்டினார். பிறகு, “நான் பயத்தில கேட்காமல் இருந்தனான். அவன் என்னை இப்பிடியோ நினைச்சவன்?” என்றார். இன்றைக்கே எழுதவா என்று கேட்டேன். பொறு என்றார்.

பின்னேரம் அப்பா கடலுக்கு வெளிக்கிட்டார். அம்மா வழக்கமாக வாசலோடு நின்றுவிடுவார். நேற்று கரைவரை போனார். தண்ணீருக்குள் இறங்கி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “எப்ப வருவியள்?” என்று கேட்டார். பக்கத்து வள்ளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. திரும்பிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அம்மா கையை எடுக்கவில்லை. கடைசியில் அப்பா, “விடியத்தான் வருவன், வேறெங்க போக?” என்று சொல்லி எஞ்சினை இழுத்தார்.

அம்மா சாப்பிடவில்லை. முத்துமாரியம்மன் கோயில் பக்கம் பார்த்தபடியே இருந்தார். நான் கேமைப் போடவில்லை. என்ன அத்தியாயம் இது, ஒரு வசனத்தை மாற்றி அழுத்தியதற்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பது இரண்டாவது கேமின் சண்டையைவிட மோசம் அண்ணா.

இன்று விடிய அப்பா வந்தார். மீன் பெரிதாக இல்லை. அம்மா கூடையைக்கூடப் பார்க்கவில்லை, நேராக என்னிடம் வந்து, “இப்ப எழுது” என்றார். என் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தமிழில்தான் எழுதுகிறாயா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

கேமை முதலாம் அத்தியாயத்திலிருந்து திரும்பத் தொடங்கப் போகிறேன். நீங்கள் திரும்பத் தொடங்க ஏலாது. ஆகவே தயவுசெய்து அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். யாராவது நிற்கத்தான் வேண்டும் என்றால் அந்த ஊர்க் கோர்ட் ஆள் வைக்கட்டும். மற்றவர்களின் வீட்டில் கேட்கிறார்கள், இந்த வீட்டில் கேட்கவில்லை என்று இனி நீங்கள் சொல்ல ஏலாது. அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“எப்ப மோனே வருவாய்?”

அம்மன் உங்களைக் காக்கட்டும். பதில் வரும்வரை ஒவ்வொரு நாளும் இதையே கேட்டு எழுதுவேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி,
தர்சிகா