எங்கள் கிணற்றுத் தண்ணீர்

ஆவணி 20, வெள்ளி

ஆபீஸ் விட்டதும், மஞ்சக்குப்பத்தில் மேரி அக்கா புதிதாகத் திறந்திருக்கும் கடைக்குப் போனேன். சுற்றுவட்டாரத்தில் மருந்தடிக்காமல் விளைந்ததை மட்டும் விற்கிறார். ஒவ்வொரு கூடையிலும் விளைந்த ஊரின் பெயரை அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்.

முளைக்கீரைக் கட்டைக் கையில் எடுத்த ஒரு பெண், அட்டையைப் பார்த்ததும் திரும்ப வைத்துவிட்டார்.

"செம்மங்குப்பமா? கெமிக்கல் கம்பெனிங்க இருக்குற ஊராச்சே. வேணாங்க."

அது என் ஊர்.

அவர் போனதும், "அந்த அட்டைய எடுத்துட்டா வித்துடும்லக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு பேர மறைச்சா மத்த பேரயெல்லாம் யாரு நம்புவாங்க? அந்தக் கீரைக்குப் பாயுற கெணத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணி, நல்லாருக்குன்னு வந்தப்புறந்தான் கீரையே எடுத்தேன். ரிப்போர்ட்டு இங்கதான் இருக்கு. இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல" என்றார்.

வாங்கிப் படித்தேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் கிணறு. எங்கள் கிணற்றை யாரும் சோதித்ததே இல்லை. அதில் என்ன இருக்கும்? எங்கள் தண்ணீரையும் சோதிக்க முடியுமா என்று கேட்டுவிட்டேன்.

"ஒரு பாட்டில் தண்ணி கொண்டாங்க, நானே அனுப்புறேன்" என்றார்.

இரண்டு கட்டு வாங்கி வந்து கடைந்தேன். ருசியாகத்தான் இருந்தது. சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"இத்தினி வருஷமா குடிக்கிறோம். இப்ப என்னாத்துக்கு டெஸ்டு? கெட்டுப்போயிருக்குன்னு வந்தா என்னா பண்ணுவ?"

சாப்பிட்டு எழுந்ததும் ஒரு பாட்டிலைக் கழுவி நிரப்பிவிட்டேன். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது.